டிக்கி உள்ள கார்

கீழ் வீட்டுத் தம்பிக்குத் துறைமுகத்தில் வேலை. கன்டெய்னர் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க பைக்கில் அலைகிறவன். 2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதும் அவனுக்குக் கார் ஜுரம் வந்துவிட்டது. ஒருநாள் மாடிப்படியில் என்னை மடக்கினான்.

"சார், உங்களுது மாதிரி டிக்கி வெச்ச வண்டி வாங்கலாமா, இல்ல கொஞ்சம் ஹைட்டா இருக்கிற வண்டியா பாக்கலாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்பா" என்று நழுவிவிட்டேன். நாலு வருஷமாக இந்த வண்டியோடு சென்னைத் தண்டையார்பேட்டையில் குடித்தனம் நடத்துகிறவன் நான். என்னிடமே பதில் இல்லையென்றால் எப்படி? யோசிக்க யோசிக்க நீண்டுகொண்டே போனது. சரி, எழுதியே விடலாம்.

வண்டி 2018-ல் பதிவானது. 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு மீட்டருக்குள் அடங்கும் செடான், அதாவது தனி டிக்கி வைத்த கார். 2021 கடைசியில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஒரே ஓனர், 34 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது, 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு முடிந்தது. இப்போது மீட்டர் 80 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் காரை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவீர்கள். அதோடு, இந்த ரக வண்டிகளின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் ஒரே அச்சுதான். பாதி வண்டியை இன்ஜினியர் வரைந்தார் என்றால் மீதியை பட்ஜெட் வரைந்தது.

2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்ன கார் என்பதற்கு அவர் சொன்ன இலக்கணம் இது: நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500-க்குள். டிக்கி வைத்த காருக்கு நம் ஊரில் எப்போதும் ஒரு மவுசு உண்டு, பெண் பார்க்கப் போகிற வீட்டு வாசலில் நின்றாலே தெரியும். ஆனால் டிக்கி வைத்தால் நீளம் நாலு மீட்டரைத் தாண்டும். எப்படி வெட்டுவது என்பதில்தான் கம்பெனிகளின் சாமர்த்தியம். 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் முதலில் அந்த அளவுக்குள் நுழைந்தது. அதே வருஷம் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மில்லிமீட்டர் இருந்தது. 2012-ல் அதையும் 3,995-க்கு வெட்டினார்கள். 165 மில்லிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு சாணுக்காக டிக்கி 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராகச் சுருங்கியது. அப்புறம் அமேஸ், எக்ஸென்ட், டிகோர், ஆரா என்று வரிசையாக வந்தவை எல்லாம் இந்த நாலு மீட்டர் கோட்டுக்குள் உட்கார்ந்து எழுதிய பரீட்சைதான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இந்த ரக வண்டி பலதின் பின்புறம், தேய்ந்த சோப்புக் கட்டியைப் பாதியில் நறுக்கியதுபோல இருக்கும். அழகைப் பற்றி நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. வரி மிச்சம்.

முன்பாதி ஏறக்குறைய ஹேட்ச்பேக், அதாவது தனி டிக்கி இல்லாத சின்ன கார்தான். இன்ஜின், கியர், டேஷ்போர்டு, முன்சீட் எல்லாம் அதே கம்பெனியின் சின்ன காரிலிருந்து வந்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். கூடக் கொடுக்கிற காசு அந்த டிக்கிக்குத்தான். அதனால் இந்த வண்டியை எடைபோட வேண்டுமானால் டிக்கியிலிருந்து தொடங்குவதுதான் முறை. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். காசிமேட்டிலிருந்து.

இதற்கு முன் என்னிடம் இருந்தது ஒரு பழைய ஹேட்ச்பேக். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போய் சங்கராவும் கடம்பாவும் வாங்கிப் பின்னால் வைத்துக்கொண்டு வருவேன். ஹேட்ச்பேக்கில் பின்பக்கமும் உட்காரும் இடமும் ஒரே அறை. நடுவில் இருப்பது ஒரு அட்டைத் தட்டு மட்டும். திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கிளம்பி ஏசியைப் போட்டால் கடம்பா நம்மோடு வேலைக்கு வரும். புதன்கிழமை வரைக்கும் வரும். செடானில் சீட்டுக்குப் பின்னால் தகடு இருக்கிறது, டிக்கிக்குத் தனி மூடி இருக்கிறது. தெர்மாகோல் பெட்டியை வைத்து மூடினால் அது பக்கத்து வீடு மாதிரி. முழுக்கத் தப்பிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பின் கண்ணாடிக்குக் கீழே ஸ்பீக்கர் வைக்கிற ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஆனாலும் எட்டிப் பார்ப்பது வேறு, கூடவே குடியிருப்பது வேறு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் டிக்கிக்கும் விரதம், வாசனை சுத்தமாகப் போய்விடும்.

ஒரே ஒரு விஷயத்தில் மோசம் போனேன். தெர்மாகோல் பெட்டியின் மூலையில் விரல் நகம் அளவுக்கு ஒரு விரிசல். ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக டிக்கி விரிப்புக்கு அடியில் இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே ஸ்டெப்னி படுத்திருக்கும் பள்ளம். மீன் தண்ணீர், உப்புத் தண்ணீர். எத்தனை ஞாயிறு இறங்கியதோ. ஒருநாள் பஞ்சராகி ஸ்டெப்னியை எடுக்கப்போனபோது ரிம்மின் கீழ்ப்பாதி செம்மண் நிறத்தில் இருந்தது. ஒர்க்‌ஷாப் பாய் விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், மீன ஸ்டெப்னிக்குக் கீழ வளக்கிறீங்களா?" என்றார். அப்புறம் அந்தப் பள்ளத்தில் கையை விட்டு, எட்டணா அளவுக்கு ஒரு ரப்பர் மூடியைப் பிடுங்கிக் காட்டினார். தண்ணீர் வடிவதற்காகவே வைத்தது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காயவிட்டு மூட வேண்டும். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்களின் வண்டித் தகட்டில் பாதி எப்படியும் உப்புக் காற்றுக்கு உணவு. உப்புக் காற்று கதவின் அடி விளிம்பிலிருந்துதான் ஆரம்பிக்கும். வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். டிக்கி விரிப்பைத் தூக்குங்கள், கதவைத் திறந்து கீழ் ஓரத்தைத் தடவுங்கள்.

இடம் எவ்வளவு என்று கேட்டால் எல்லாக் கம்பெனியும் லிட்டர் கணக்கு சொல்லும். இன்றைய டிசையருக்கு 382, ஆராவுக்கு 402, டிகோருக்கு 419. லிட்டர் என்றால் உள்ளே எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதுபோன்ற ஒரு கணக்கு. வாய் எவ்வளவு அகலம் என்று அது சொல்லாது. பின்புறத்தை வெட்டியதால் மூடி சின்னது. பெரிய சூட்கேஸைப் படுக்கவைத்து நுழைக்க முடியாமல், நிமிர்த்தி நுழைத்து உள்ளே போய்ப் படுக்கவைக்க வேண்டும். மூடியைத் தாங்குகிற இரண்டு வளைந்த இரும்புக் கைகள் இருக்கின்றனவே, மூடும்போது அவை டிக்கிக்குள் இறங்கும். பையைச் சரியாக அந்த இடத்தில் வைத்திருந்தால் மேல் பை நசுங்கும். ஒரு டஜன் வாழைப்பழத்தை அப்படித்தான் பஞ்சாமிர்தம் ஆக்கினேன்.

பின்சீட் முதுகை மடக்க முடியாத மாடல்தான் என்னுடையது. இந்த ரகத்தில் பெரும்பாலும் அப்படித்தான். பெண்ணுக்கு பிராட்வே பக்கம் சைக்கிள் வாங்கிய அன்று அது புரிந்தது. முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம், ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தோம், கடைக்காரரும் நானும் சேர்ந்து ஒரு அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். டிக்கி வாயில் நுழையவில்லை. கடைசியில் ஒரு மீன்பாடி வண்டியைப் பிடித்து சைக்கிளை ஏற்றிவிட்டு, மின்ட் வழியாக அதன் பின்னாலேயே காரில் வந்தேன். எங்கள் வீட்டில் மீன் காரில் வரும், சைக்கிள் மீன்பாடி வண்டியில் வரும் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

மச்சான் ஒருவர், "சிஎன்ஜி போட்டுருங்க மாமா, பெட்ரோல் செலவு பாதியாயிடும்" என்று இரண்டு வருஷமாக ஓதுகிறார். கணக்கு தப்பில்லை. ஆனால் சிலிண்டர் உட்கார டிக்கிதானே இடம்? டாடா போன்ற ஓரிரு கம்பெனிகள் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னதாகத் தரையோடு படுக்கவைத்து, கொஞ்சம் இடத்தை மீட்டுக்கொடுத்தன. மற்றபடி எதற்காகக் கூடக் காசு கொடுத்தோமோ அதையே விற்றுப் பெட்ரோல் போடுகிற கதை. தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் போடட்டும். நான் ஓட்டுவது போக 12, வர 12.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதல் குறையை என் அம்மா ஒவ்வொரு முறையும் வாய்விட்டே சொல்வாள். அவளுக்கு எழுபத்து மூன்று வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. செடானில் சீட் தாழ்வு. ஆட்டோவில் ஏறுகிறோம், காரில் இறங்குகிறோம். அவள் முதலில் திரும்பி நின்று, கதவைப் பிடித்து, ஒரு மூச்சு இழுத்து, தொப்பென்று விழுவாள். அதற்குள் கூரை விளிம்பில் தலை இடிக்கும். பின்பக்கம் சரிகிற கூரை, அதையும் அந்த நாலு மீட்டருக்காகத்தான் சரித்தார்கள். இறங்கும்போது ஒரு கை நான், இன்னொரு கை மருமகள். "வண்டியா இது, கெணறு" என்பாள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் செக்கப்புக்குப் போகிற நாளில் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரைத்தான் கூப்பிடுகிறாள். ஐந்து லட்சத்துக்குக் கார் வாங்கிய மகனுக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

அடுத்தது அடிவயிறு. இந்த ரக வண்டிகளுக்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 165 மில்லிமீட்டர் பக்கம்தான். ஒன்றிரண்டு 170-ஐத் தொடும். அதுவும் காலியாக நிற்கும்போது. ஐந்து பேரும் ஏறி டிக்கியும் நிரம்பினால் பின்பக்கம் இறங்கிவிடும். எங்கள் தெருமுனையில் கார்ப்பரேஷனைக் கேட்காமல் யாரோ ஒரு புண்ணியவான் போட்ட ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது. காலியாகப் போனால் தட்டாது, மாமியார் வீட்டார் ஏறினால் தட்டும். அந்த 'கர்ர்ர்க்' சத்தம் வண்டிக்குக் கேட்பதைவிட நமக்குத்தான் அதிகம் கேட்கும். குறுக்காக ஏற்றினால் தப்பிக்கலாம் என்பது முதல் மாதமே கற்ற பாடம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் நாளில் தாழ்வான வண்டியின் இன்னொரு முகம் தெரியும். நம் ஜன்னலுக்கு நேராக டிரெய்லரின் சக்கர நட்டுகள் சுழலும். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு நாம் தெரிகிறோமா என்பதே சந்தேகம். ஹாரன் அடித்துக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஏசி ஃபில்டரைப் பற்றி ஒரு வரி. ஆலைகள் நிறைந்த மணலிக்குத் தினமும் போய்வருகிறவர்கள் கம்பெனி சொல்லும் கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் கையுறைப் பெட்டியைக் கழற்றி ஒருதரம் பாருங்கள். வெள்ளையாகப் போட்டது அடுப்புக்கரியாக வந்தது.

இன்ஜினைப் பற்றி எனக்குப் பெரிய புகாரும் இல்லை, பெருமையும் இல்லை. டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் ஹை ரோட்டில் இரண்டாவது கியரில் ஊர்வதற்கு 80 குதிரைச் சக்தி தாராளம். மைலேஜ் விளம்பரத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். இன்றைய டிசையர் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர் என்று சோதனையில் சான்று இருக்கிறது. அந்தச் சோதனையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் கிடையாது. ஃபுல் டேங்க் போட்டு மறுபடி ஃபுல் டேங்க் வரைக்கும் நோட்டில் எழுதிவைத்துப் பார்த்ததில், எனக்கு ஊருக்குள் ஏசியோடு 13 சொச்சம், செங்குன்றம் தாண்டி நெல்லூர் ரோட்டில் 19. இதை நான் குறையாகவே எண்ணவில்லை.

திருப்பதி மட்டும் வேறு கதை. ஊத்துக்கோட்டை, புத்தூர் வழியாகப் போகும்வரை வண்டி சமர்த்து. அலிபிரியில் சோதனைக்காக டிக்கியிலிருந்து எல்லாப் பையையும் இறக்கி ஸ்கேனரில் விட்டு மறுபடி ஏற்ற வேண்டும். அப்போது அந்தச் சின்ன வாயை நொந்துகொள்ளாதவர் கிடையாது. பிறகு மலைப்பாதை. ஐந்து பேர், முழு டிக்கி, ஏசி. வளைவில் வேகம் குறைந்துவிட்டால் இரண்டாவது கியரில் முக்கும், முதல் கியருக்கு வந்தே தீரவேண்டும். பின்சீட்டிலிருந்து அம்மா "கோவிந்தா கோவிந்தா" என்பது பெருமாளுக்கா இன்ஜினுக்கா என்று தெரியாது. ஏசியை நிறுத்தினேன், ஜன்னலை இறக்கினேன், ஏறிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற இதற்காக மற்ற 364 நாளும் பெரிய இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்ற எனக்கு மனசில்லை.

வெள்ளை நிறத்தில் வாங்கியது என் தப்பு. சென்ட்ரல் எதிரே சித்தப்பாவுக்காகக் காத்திருந்தபோது பின்கதவு திறந்தது. ஒரு பெண் குழந்தையோடு ஏறி உட்கார்ந்து, செல்போனைப் பார்த்தபடியே நாலு எண்களைச் சொன்னார். "இது சொந்த வண்டிம்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "சாரி அண்ணா" என்று இறங்கிப்போனார். இந்த ரக வண்டியில் பாதி கால் டாக்ஸியாகத்தான் ஓடுகிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இதை அவமானம் என்று நினைத்து வேறு வண்டி தேடுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் இதையே பெரிய பலமாகப் பார்க்கிறேன். ராத்திரி பகல் ஓட்டி டியூ கட்டுகிற டிரைவர்கள் ஒரு வண்டியைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய விமர்சனம் ஏது? கிளட்ச் பிளேட்டும் பால் ஜாயின்ட்டும் புதுப்பேட்டையில் பெயர் சொன்னதும் எடுத்து நீட்டுவார்கள். பாய் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். வண்டி வாங்கும் முன் எந்த வீடியோவையும் நான் பார்க்கவில்லை. ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் மூன்று கேப் டிரைவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தேன், அவ்வளவுதான். அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யாகவில்லை.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் மழை. ஊரில் பாதி சுரங்கப்பாதை மூடிவிட்டது, கணேசபுரத்தில் தண்ணீர் நின்றால் அது எங்களுக்குச் செய்தியே இல்லை. இந்தமுறை தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. எர்ணாவூர்ப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பட்டதோடு பார்த்தால் எங்களுடையது ஒன்றுமே இல்லை. மாடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வண்டி கதவு அடிவிளிம்பு வரை முங்கி நின்றது. மேட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று சாவியோடு இறங்கினேன். பாய் போனில் கத்தினார். "சாவியத் தொடாதீங்க சார்! தொட்டீங்கன்னா இன்ஜின் காலி."

காற்று இழுக்கும் குழாய் முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. தாழ்வான வண்டியில் அதுவும் தாழ்வு. அது முங்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். எங்கள் தெருவிலேயே இரண்டு வண்டிக்கு அப்படி ஆனது. ஸ்டார்ட் பண்ணாததால் என் இன்ஜின் பிழைத்தது. ஆனால் தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் ஸ்பான்ஞ் இரண்டு வாளித் தண்ணீரைக் குடித்திருந்தது. நாலு சீட்டையும் கழற்றி மொட்டை மாடியில் பத்து நாள் காயவைத்தோம். அந்தப் பத்து நாளும் முன்சீட்டில் உட்கார்ந்துதான் அம்மா வெங்காயம் உரித்தாள். சௌகரியமாக இருக்கிறதாம், உயரம் சரியாக இருக்கிறதாம். இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்பது அந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில் 2018 வண்டிக்கும் இன்றைய வண்டிக்கும் ஒப்பீடே கிடையாது. என்னுடையதில் இரண்டு ஏர்பேக், பின்சீட் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும். டிகோர் 2020-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது, புது டிசையர் 2024 நவம்பரில் ஐந்து வாங்கியது, ஆறு ஏர்பேக் அடிப்படை மாடலிலேயே வருகிறது. இன்று புதிதாக வாங்குகிறவர் பழைய வண்டியைவிட நல்ல வண்டியைத்தான் வாங்குகிறார், அதில் சந்தேகமில்லை.

இவ்வளவையும் தம்பியிடம் மொட்டை மாடியில் நின்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்போ வாங்கலாமா, வேணாமா சார்?" என்றான் மறுபடியும். சாவியை அவன் கையில் கொடுத்தேன். உங்க அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, தெருமுனை ஸ்பீட் பிரேக்கரை ஏறி, ஸ்டான்லி வரை போய் வா என்றேன். முக்கால் மணி நேரத்தில் திரும்பினான். அவன் அம்மா இறங்கியதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன், என் அம்மாவும் பார்த்தாள். யாரும் எதுவும் பேசவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் அவன் உயரமான வண்டி ஒன்றை எடுத்துவிட்டான். 187 மில்லிமீட்டர் இடைவெளி, கதவு அகலமாகத் திறக்கிறது, அவன் அம்மா படி ஏறுகிற மாதிரி ஏறுகிறார். எலுமிச்சம்பழம் நசுக்கும்போது நானும் நின்றேன். நல்ல வண்டி.

அடுத்த ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினான். கையில் தெர்மாகோல் பெட்டி.

"சார், காசிமேட்டுக்குத்தானே? உங்க வண்டியிலயே போயிடலாமா?"